ஜப்பானின் ஓநாய்கள்: கும்பிட்டதும் கொன்றதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் இன்று காட்டு ஓநாய் ஒன்றுகூட இல்லை. விலங்குக் காட்சி சாலைகளில் இருப்பவை எல்லாம் வெளிநாட்டு இனங்கள். இத்தனைக்கும் ஓநாயைக் கோயிலில் வைத்துக் கும்பிட்ட நாடு அது. கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், அதே ஓநாயைக் கொன்று கொண்டுவந்தால் காசு என்று அரசாங்கமே அறிவித்தது. நடுவில் என்னதான் நடந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஜப்பானில் எத்தனை வகை ஓநாய்கள் இருந்தன?

இரண்டு. தெற்கே ஹொன்ஷு, ஷிகோகு, கியூஷு ஆகிய மூன்று தீவுகளில் வாழ்ந்தது ஒன்று. அதைத்தான் பொதுவாக 'ஜப்பானிய ஓநாய்' என்கிறார்கள். ஓநாய் இனங்களிலேயே சிறியவற்றுள் ஒன்று. தோள் உயரம் 55 செ.மீ. அளவுதான், கால்கள் குட்டை. தூரத்தில் பார்த்தால் நாட்டு நாய் என்றே நினைத்துவிடலாம். அந்த ஊர்க்காரர்களே 'ஓகாமி' (ஓநாய்) என்றும் 'யாமாஇனு' (மலைநாய்) என்றும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா வேறா என்ற வாதம் ஆராய்ச்சியாளர்களிடையே வெகுகாலம் நடந்தது.

இன்னொன்று வடக்கே ஹொக்கைடோ தீவில் வாழ்ந்தது. இது ஆசியப் பெருநிலத்துச் சாம்பல் ஓநாயைப் போலப் பெரியது. ஹொன்ஷுவுக்கும் ஹொக்கைடோவுக்கும் நடுவே ஒரு நீரிணைதான் இருக்கிறது என்றாலும், இரண்டும் வேறு வேறு காலத்தில் வேறு வேறு வழியாக வந்து சேர்ந்த ஓநாய்கள். அவை அழிந்த கதையும் அப்படித்தான்: ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது, மற்றதைத் திட்டம் போட்டே ஒழித்தார்கள்.

'ஓகாமி' என்றால் கடவுள் என்று பொருளாமே?

'ஓ' என்றால் பெரிய. 'காமி' என்றால் தெய்வம். காதில் விழும்போது 'பெரிய தெய்வம்' என்றே கேட்கும். சொல்லின் உண்மையான வேர் அதுதானா என்பது மொழியியலார் பாடு. மக்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள், அதுதான் இங்கே முக்கியம். பழைய நூல்களில் ஓநாய்க்கு 'அகன்ற வாயுடைய மெய்த்தெய்வம்' என்று ஒரு பெயரே இருக்கிறது.

ஓநாயை எதற்காகக் கும்பிட்டார்கள்? பயத்திலா?

கொஞ்சம் பயமும் இருந்திருக்கும். ஆனால் பெரும்பங்கு நன்றிக்கடன்.

மலையடிவார விவசாயிக்குப் பெரிய தொல்லை காட்டுப்பன்றியும் மானும். ஒரு பன்றிக்கூட்டம் ஒரே இரவில் வயலுக்குள் இறங்கிப் புரட்டிப்போட்டால் அந்த வருடச் சாப்பாடு போச்சு. இரவெல்லாம் பரண் கட்டி உட்கார்ந்து, தகரமோ மூங்கிலோ தட்டி விரட்டுகிற வேலை நம் மலையடிவார ஊர்க்காரர்களுக்கும் தெரிந்ததுதான். அந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்தது ஓநாய். அதோடு, அன்றைய ஜப்பானிய விவசாயி ஆட்டு மந்தையோ மாட்டு மந்தையோ வளர்க்கவில்லை. ஓநாய் பறித்துக்கொண்டு போக அவனிடம் அதிகமாக எதுவும் இல்லை. பயிரைக் காக்கிறது, கிடையைத் தொடுவதில்லை என்றால் அதைவிட நல்ல காவலாளி எங்கே கிடைப்பான்?

டோக்கியோவுக்கு மேற்கே சிச்சிபு மலையில் மிட்சுமினே கோயில் இருக்கிறது. வழக்கமாக ஜப்பானியக் கோயில் வாசலில் சிங்கமும் நாயும் கலந்த உருவம் ஒன்று காவல் நிற்கும். இங்கே அந்த இடத்தில் ஓநாய் நிற்கிறது. மிட்டாகே மலைக் கோயிலிலும் ஓநாய்தான். இந்தக் கோயில்களில் ஓநாய்ப் படம் அச்சடித்த காப்புத்தாளை வாங்கி வந்து வீட்டு வாசலில் ஒட்டுவார்கள். வயலுக்குப் பன்றி வராது, வீட்டுக்குத் திருடன் வரமாட்டான், தீப்பிடிக்காது என்பது நம்பிக்கை. மரவீடுகள் நெருங்கி நின்ற நகரங்களில் தீதான் பெரிய பயம். அதனால் பயிர்க்காவல் தெய்வம் பட்டணத்துக்கும் குடிபெயர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஓநாய் குட்டி போட்டது தெரிந்தால், ஊர்க்காரர்கள் சிவப்புப் பயறு போட்டு வேகவைத்த சோற்றைக் கொண்டுபோய் அதன் குகைப்பக்கம் வைத்துவிட்டு வருவார்களாம். நல்ல காரியம் நடந்த வீட்டில் செய்கிற சோறு அது. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சீர் கொண்டுபோவது போலத்தான்.

'வழியனுப்பும் ஓநாய்' என்பது என்ன கதை?

மலைப்பாதையில் இருட்டில் தனியாக நடக்கிறவன் பின்னாலேயே ஒரு ஓநாய் வரும். அவன் தடுக்கி விழாத வரைக்கும் ஒன்றும் செய்யாது. விழுந்தால் பாய்ந்துவிடும். விழுந்துவிட்டாலும் 'அப்பாடா, கொஞ்சம் உட்காரலாம்' என்று வேண்டுமென்றே உட்கார்ந்ததுபோல் நடித்தால் தப்பிக்கலாம். வீடு வந்து சேர்ந்ததும் திரும்பி நின்று நன்றி சொல்லி, கொஞ்சம் உப்போ சோறோ கொடுத்து அனுப்ப வேண்டும். இதுதான் கதை. வட்டாரத்துக்கு வட்டாரம் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு.

தன் எல்லைக்குள் நுழைந்த மனிதனை ஓநாய் கொஞ்ச தூரம் தொடர்ந்து வந்து கண்காணிப்பது நடக்கக்கூடியதே. அதைப் பார்த்தவர்கள் கட்டிய கதையாகத்தான் எனக்குப் படுகிறது. இன்றைய ஜப்பானிய மொழியில் இந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு: வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிப் பெண்ணிடம் வாலாட்டும் ஆண். ஓநாய் போனது, பெயர் மட்டும் கெட்டுப்போய் நிற்கிறது.

அப்படியானால் ஓநாய்கள் அங்கே யாரையும் கடித்ததே இல்லையா?

கடித்தன. ஆட்களைக் கொன்றதற்கும் பழைய பதிவுகள் உண்டு. ஆனால் நிலைமை மோசமாகத் திரும்பியது 1732-க்குப் பிறகு. அந்த ஆண்டுவாக்கில் நாகசாகி துறைமுகம் வழியாக வெறிநோய் நாட்டுக்குள் வந்தது. முதலில் கியூஷு நாய்களிடம் பரவி, பிறகு ஹொன்ஷுவுக்குத் தாவி, கிழக்கும் வடக்குமாக நகர்ந்து, 1761-இல் ஹொன்ஷுவின் வடகோடி வரை போய்விட்டது. முப்பது வருடத்தில் ஒரு தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு.

வெறிபிடித்த ஓநாய் வழியனுப்ப வராது. பகலிலேயே ஊருக்குள் நுழைந்து எதிர்ப்பட்டவரை எல்லாம் கடிக்கும். கடிபட்டவருக்கு அன்று மருந்து கிடையாது, சாவு நிச்சயம். தலைமுறை தலைமுறையாகக் காவல் தெய்வம் என்று கும்பிட்ட விலங்கைக் கண்டதும் ஈட்டியைத் தூக்கும் நிலைமை வந்தது. ஓநாய்க்கும் இது இரட்டை அடி: நோயாலும் செத்தது, நோய்க்குப் பயந்தவர்களாலும் செத்தது.

இதில் ஒரு விநோதம். பயம் கூடக்கூட பக்தியும் கூடியது. 1858-இல் காலரா தலைவிரித்தாடியபோது, அது ஏதோ நரிப்பேயின் வேலை என்று மக்கள் நம்பினார்கள். நரிப்பேயை விரட்ட ஓநாயால்தான் முடியும் என்று மிட்சுமினே காப்புத்தாளுக்கு ஆளாய்ப் பறந்தார்கள். ஓநாயின் மண்டையோட்டை வீட்டில் வைத்துக்கொண்டால் நல்லது என்றும் ஒரு நம்பிக்கை. மண்டையோடு வேண்டுமென்றால் ஓநாய் சாக வேண்டுமே! பக்தியும் கொஞ்சம் கொன்றிருக்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பான் முழுக்க ஓநாயைக் கும்பிட்டார்களா?

இல்லை. ஹொன்ஷுவின் வடகிழக்கில், இன்றைய இவாத்தே மாகாணப் பக்கம், நன்பு சிற்றரசு இருந்தது. குதிரைக்குப் பேர்போன நாடு. சாமுராய்களுக்கான குதிரைகள் அங்கே திறந்த மேய்ச்சல் நிலங்களில் வளர்ந்தன. அங்கே ஓநாய் பிடிப்பது பன்றியை அல்ல, குதிரைக்குட்டியை. அதனால் அங்கே எடோ காலத்திலேயே (1868-க்கு முந்தைய போர்த்தலைவர்கள் ஆட்சிக்காலம்) ஓநாய் வேட்டைக்குச் சன்மானம் கொடுத்தார்கள்.

சிச்சிபுவில் பன்றியை விரட்டிய ஓநாயும், நன்புவில் குட்டியைத் தூக்கிய ஓநாயும் ஒரே இனம்தான். ஓநாயின் குணம் ஊருக்கு ஊர் மாறவில்லை. அந்த ஊர்க்காரன் எதை வளர்த்துப் பிழைத்தான் என்பதுதான் மாறியது. ஹொக்கைடோவில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஹொக்கைடோவில் என்ன நடந்தது?

1868-இல் போர்த்தலைவர்கள் ஆட்சி போய், பேரரசர் மெய்ஜியின் ஆட்சி வந்தது. மேற்கு நாடுகளைப் போல ஆக வேண்டும் என்ற வேகம். அடுத்த ஆண்டே ஹொக்கைடோவைக் குடியேற்றப் பகுதியாக்க ஒரு தனித்துறையைத் தொடங்கினார்கள். குளிர் மிகுந்த அந்தத் தீவில் அன்றைக்கு நெல் சரிவராது. அமெரிக்கா மாதிரிப் பெரிய பண்ணைகள், குதிரை, மாடு, ஆடு என்று முடிவானது. 1871-இல் அமெரிக்க அரசின் வேளாண்துறைத் தலைவராக இருந்த ஹொரேஸ் கேப்ரனையே ஆலோசகராக அழைத்துவந்தார்கள்.

பண்ணை முறையோடு சேர்ந்து பண்ணைக்காரரின் கண்ணும் வந்தது. அமெரிக்கப் பண்ணைக்காரருக்கு ஓநாய் என்றால் ஒழிக்கப்பட வேண்டியது. அதில் அங்கே இரண்டாவது பேச்சே கிடையாது.

எட்வின் டன் என்பவர் யார்?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. 1873-இல், இருபத்தைந்து வயதில், மாடுகளோடு கப்பலேறி ஜப்பான் வந்தார். ஹொக்கைடோவின் நீகாப்பு குதிரைப் பண்ணை அவர் மேற்பார்வைக்கு வந்தது. குதிரைக்குட்டிகளை ஓநாய்களும் காட்டுநாய்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தன. அவர் கண்ட வழி, அமெரிக்க மேற்குப் பகுதிகளில் பழகிப்போன வழி: இறைச்சியில் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சை வைத்துப் போடுவது. டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் கிடைத்த ஸ்ட்ரிக்னைனை எல்லாம் வாங்கி, போதாதென்று சான் பிரான்சிஸ்கோவுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

நஞ்சு வேலை செய்தது. நீகாப்புப் பக்கம் ஓநாய்த் தொல்லை சீக்கிரமே அடங்கியது. நரி, நாய், காக்கை எத்தனை செத்தன என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

டன் கொடியவர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அது சரியாக இருக்காது. அவர் ஜப்பானியப் பெண்ணை மணந்தார், ஹொக்கைடோவின் பால்பண்ணைத் தொழிலுக்கும் குதிரை வளர்ப்புக்கும் அடித்தளம் போட்டார், பிறகு ஜப்பானுக்கான அமெரிக்கத் தூதராகவும் இருந்தார், 1931-இல் டோக்கியோவிலேயே இறந்தார். சப்போரோவில் அவருக்கு நினைவகம் இருக்கிறது. தன்னிடம் ஒப்படைத்த வேலையை அவர் செய்தார். அந்த வேலையை ஒப்படைத்தது ஜப்பானிய அரசு.

ஸ்ட்ரிக்னைன் எங்கிருந்து வருகிறது?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நமக்கு வெளியிலிருந்து பதில் தேவையில்லை. எட்டிக்கொட்டை. 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று நாம் பழமொழி சொல்கிற அதே எட்டிமரம். ஆரஞ்சு நிறத்தில் அழகாகப் பழுத்துத் தொங்கும். உள்ளே தட்டையான பொத்தான் மாதிரிக் கொட்டைகள். இந்த நஞ்சை 1818-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். எட்டிக்கொட்டை உலகச் சந்தைக்கும் போனது. 19-ஆம் நூற்றாண்டில் அதை ஏற்றுமதி செய்த முக்கிய நாடு இந்தியா.

தின்ற விலங்குக்கு உடம்பெல்லாம் வில்லாக வளைந்து இழுக்கும், மூச்சுத் தசைகள் இறுகிச் சாகும். கடைசிவரை நினைவு தப்பாது. கொடிய சாவு.

அங்கேயே வாழ்ந்த அய்னு மக்கள் என்ன செய்தார்கள்?

ஹொக்கைடோவின் பூர்வகுடிகள் அய்னு மக்கள். அவர்களுக்கு ஓநாய் 'ஹொர்கேவ் காமுய்', தெய்வங்களில் ஒன்று. ஓநாயும் அவர்களும் ஒரே மானைத்தான் வேட்டையாடினார்கள். வச்சநாபி இனச் செடியின் கிழங்கிலிருந்து எடுத்த நஞ்சை அம்பில் தடவி வேட்டையாடுவது அவர்கள் முறை.

1876-இல் அந்த நச்சு அம்புக்கு அரசு தடை போட்டது. காட்டுமிராண்டித்தனமாம். அய்னு வேட்டைக்காரரின் கையிலிருந்த நஞ்சைப் பிடுங்கிய அதே ஆண்டுகளில்தான், பண்ணைகளைச் சுற்றி ஸ்ட்ரிக்னைன் இறைச்சியை அரசே போட்டது. வேட்டையைப் பறித்து, நிலத்தைப் பறித்து, விவசாயம் செய்யச் சொன்னார்கள். ஓநாயின் கதையும் அய்னு மக்களின் கதையும் இந்தப் பத்தாண்டுகளில் ஒன்றாகவே நடக்கின்றன. ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் பாதிக்கதைதான்.

ஓநாய்கள் குதிரைகளை ஏன் அவ்வளவு தின்றன? காட்டில் இரை இல்லையா?

இல்லாமல் போனது. ஹொக்கைடோவில் மான்கள் ஏராளமாக இருந்தன. தோலுக்கும் கொம்புக்கும் இறைச்சிக்கும் குடியேறிகள் துப்பாக்கியோடு இறங்கினார்கள். 1878-இல் பீபி என்ற இடத்தில் மான் இறைச்சியை டப்பாவில் அடைக்கும் அரசுத் தொழிற்சாலையே திறந்தார்கள். அடுத்த ஆண்டு 1879 குளிர்காலத்தில் பெரும்பனி. பனிக்கடியில் புல் சிக்காமல் மான்கள் மந்தை மந்தையாகப் பட்டினி கிடந்து செத்தன. டப்பா தொழிற்சாலையும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

மான் இல்லாத காட்டில் ஓநாய் என்ன செய்யும்? கொழுத்த குதிரைக்குட்டிகள் வேலிக்குள் காத்திருந்தன.

சன்மானம் எவ்வளவு? எத்தனை ஓநாய்கள் கொல்லப்பட்டன?

1877-இல் தலைக்கு 2 யென் என்று தொடங்கியது. படிப்படியாக ஏறி 10 யென் வரை போனது. அன்றைய கூலிக்காரருக்கு அது பெரிய தொகை. ஒரு ஓநாய் கிடைத்தால் கொஞ்ச நாள் கவலை இல்லை. 1888-இல் திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குள் கணக்கில் வந்தவை மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். நஞ்சு தின்று புதருக்குள் போய்ச் செத்தவை இந்தக் கணக்கில் இல்லை.

நிறுத்தியது இரக்கத்தால் அல்ல. கொண்டுவர ஓநாய் இல்லை. 1896-இல் ஹொக்கைடோவின் ஹக்கோடாத்தே துறைமுகத்துத் தோல் வியாபாரி ஒருவர் கைக்குச் சில ஓநாய்த்தோல்கள் வந்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. ஹொக்கைடோ ஓநாயைப் பற்றிய கடைசிச் செய்தி அதுதான்.

ஹொன்ஷுவின் கடைசி ஓநாய் எப்போது செத்தது?

1905, ஜனவரி 23. நாரா மாகாணத்தில் ஹிகாஷியோஷினோ பக்கம் வாஷிகாகுச்சி என்ற மலைக்கிராமம். லண்டன் அருங்காட்சியகத்துக்காகக் கிழக்காசிய விலங்குகளைச் சேகரித்துக்கொண்டிருந்த மால்கம் ஆண்டர்சன் என்ற அமெரிக்க இளைஞர் அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்தார். அவர் விலங்கு வாங்குகிறார் என்று கேள்விப்பட்டு வேட்டைக்காரர்கள் ஒரு இளம் ஆண் ஓநாயின் உடலைத் தூக்கி வந்தார்கள்.

பேரம் நடந்தது. விலை படியவில்லை. வேட்டைக்காரர்கள் உடலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, 8 யென் 50 சென்னுக்குக் (நூறு சென் ஒரு யென்) கொடுத்துவிட்டார்கள். செத்துச் சில நாள் ஆகியிருந்ததால் வயிற்றுப்பக்கம் நீலம் பூத்திருந்தது என்று உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் பல வருடங்கள் கழித்து நினைவுகூர்ந்தார். தோலையும் மண்டையோட்டையும் சுத்தம் செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள்.

அந்த அறையில் இருந்த யாருக்கும் அது கடைசி என்று தெரியாது. தெரிந்திருந்தால் பேரம் வேறு மாதிரி நடந்திருக்குமோ என்னவோ. இப்போது அந்த ஊரில் வெண்கலத்தில் ஒரு ஓநாய்ச் சிலை நிற்கிறது.

அதுதான் கடைசி என்று எப்படி அடித்துச் சொல்ல முடியும்?

உடல் கையில் கிடைத்த கடைசி ஓநாய் அது, அவ்வளவுதான் சொல்லலாம். 1910-இல் ஃபுகுயி நகரில் ஒரு விலங்கைக் கொன்றார்கள், அதுவும் ஓநாய்தான் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பாடம்செய்து வைத்திருந்த அதன் உடல் போர்க்காலக் குண்டுவீச்சில் எரிந்துபோனது, படம்தான் மிச்சம். படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வாதாடுவது?

அதன் பிறகும் 'பார்த்தேன்', 'ஊளை கேட்டேன்' என்பவர்கள் ஓயவில்லை. 1996-இல் சிச்சிபு மலையில் ஓநாய் போன்ற ஒரு விலங்கை ஒருவர் படம் பிடித்தார். 2000-இல் கியூஷுவிலும் ஒரு படம். இரண்டையும் பற்றிச் சண்டை நடந்தது, முடிவு வரவில்லை. என் கருத்தைக் கேட்டால், ஓநாய் கூட்டமாக வாழும் விலங்கு. இத்தனை சாலையும் கேமராவும் உள்ள நாட்டில் ஒரு கூட்டம் நூறு வருடம் ஒளிந்திருப்பது நடக்காத காரியம்.

அந்த ஓநாய்களை இன்று எங்கே பார்க்கலாம்?

ஹொக்கைடோ ஓநாயைப் பாடம்செய்த உடலாக சப்போரோவில், ஹொக்கைடோ பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் உள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஜப்பானிய ஓநாய் டோக்கியோவின் உயேனோவில் உள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நெதர்லாந்தின் லைடனிலும் ஒன்று உண்டு. நாகசாகியில் தங்கியிருந்த ஸீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் அனுப்பியது அது. அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1839-இல் இந்த ஓநாய்க்கு அறிவியல் பெயரே சூட்டினார்கள்.

உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்த இந்த உடல்களோடு அண்மையில் இன்னொன்று சேர்ந்தது. சேர்த்துவைத்தவள் ஒரு சிறுமி. 2020-இல், நான்காம் வகுப்பு படிக்கும்போது, சுகுபாவில் உள்ள அதே தேசிய அருங்காட்சியகத்தின் கிடங்கைப் பார்க்கப் போனாள். 'மலைநாய்' என்று எழுதி ஓரமாக வைத்திருந்த ஒரு உடலைப் பார்த்து, இது ஜப்பானிய ஓநாய் மாதிரி இருக்கிறதே என்றாள். சொன்னதோடு விடவில்லை. ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து பழைய பதிவேடுகளைத் துருவி, 2024-இல் ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அது அநேகமாக ஜப்பானிய ஓநாய்தான் என்பது முடிவு. தனக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு நூறு வருடமாகக் கிடங்குக்கே தெரியவில்லை.

ஜப்பானிய ஓநாய்தான் நாய்களின் மூதாதையா?

நேரடி மூதாதை அல்ல. மரபணுவை ஆராய்ந்தவர்கள், இதுவரை பார்க்கப்பட்ட சாம்பல் ஓநாய்களிலேயே நாய் வம்சத்துக்கு மிக நெருங்கிய உறவு இந்த ஜப்பானிய ஓநாய்தான் என்கிறார்கள். பெரியப்பா வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் எங்கே, எந்த ஓநாயிலிருந்து பிரிந்தது என்ற புதிருக்கு விடை தேடும்போது, அழிந்துபோன இதன் எலும்பைத்தான் துளைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓநாய் போனதால்தான் இன்று மான் தொல்லையா?

ஜப்பானில் மான், பன்றி முதலியவற்றால் பயிருக்கு ஆகும் சேதம் ஆண்டுக்கு 1,500 கோடி யென்னைத் தாண்டுகிறது. காடுகளில் மரப்பட்டையை உரித்துத் தின்று மரத்தையே சாகடிக்கின்றன. நாராவின் ஓதாய்கஹாரா மலையில் பட்டுப்போய் நிற்கும் மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசி ஓநாய் விற்கப்பட்ட கிராமம் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

ஆனால் 'ஓநாய் செத்தது, மான் பெருகியது' என்று ஒரே கோட்டில் போட்டுவிட முடியாது. ஓநாய் மறைந்து எழுபது எண்பது வருடங்களுக்கு மான் அங்கே அரிதாகத்தான் இருந்தது. மனிதன் வேட்டையாடிக்கொண்டிருந்தான். பெண் மானைச் சுடக்கூடாது என்று அரசு தடை போடும் அளவுக்கு நிலைமை இருந்தது. 1970-களில் வேட்டை உரிமம் வைத்திருந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். பின்னர் அது இரண்டு லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது, அதிலும் பெரும்பகுதி முதியவர்கள். மலைக்கிராமங்கள் காலியாகின்றன. குளிர்காலப் பனியும் குறைகிறது. ஓநாயின் வேலையைத் துப்பாக்கிக்காரர் செய்துகொண்டிருந்தார். இப்போது அவரும் இல்லை.

வெளிநாட்டு ஓநாய்களைக் கொண்டுவந்து விடலாமே?

அதற்காகவே ஜப்பான் ஓநாய் சங்கம் என்று ஒன்று 1993 முதல் பேசிவருகிறது. 1995-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கனடா ஓநாய்களை விட்டது அவர்களுக்கு எடுத்துக்காட்டு. எதிர்ப்பவர்களும் வலுவாகவே கேட்கிறார்கள்: பெருநிலத்து ஓநாய் உடல் பெரியது, இங்கே இருந்த சின்ன ஓநாய்க்கு அது மாற்றாகுமா? மனித நெருக்கம் மிகுந்த ஹொன்ஷுவில் எங்கே விடுவது? மாட்டுப் பண்ணைக்காரருக்கு யார் பதில் சொல்வது? அரசு இதுவரை அசையவில்லை. ஹொக்கைடோவில் கரடியோடு படும் பாடே போதும் என்பதுதான் பலருடைய மனநிலை.

இதே காலத்தில் இந்தியாவிலும் ஓநாய்க்குச் சன்மானம் இருந்ததா?

இருந்தது. 1875 முதல் 1925 வரை சன்மானத்துக்காகக் கொல்லப்பட்ட ஓநாய்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஹொக்கைடோவின் ஆயிரத்து ஐந்நூறை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருந்தும் இங்கே ஓநாய் முற்றாக அழியவில்லை. ஓட இடம் இருந்தது. தீவில் அது கிடையாது.

மிட்சுமினே கோயிலில் இப்போதும் ஓநாயைக் கும்பிடுகிறார்களா?

தாராளமாக. கூட்டம் குறையவே இல்லை. காப்புத்தாள் வாங்குவதோடு அங்கே இன்னொரு வழக்கமும் நடக்கிறது: தெய்வத்தின் பரிவாரமான ஓநாயை வீட்டுக்கு இரவல் வாங்கிப் போகலாம். பூசை செய்து, சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். ஒரு ஓநாய் ஐம்பது வீடுகள் வரை காக்குமாம். வீட்டில் வைத்துச் சாமி கும்பிட வேண்டும். ஒரு வருடம் ஆனதும் மலையேறிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.